விசிறி மூன்றில்

பள்ளியில் ஆறு பருவம் சொல்லிக் கொடுத்தார்கள்.
கார், கூதிர், முன்பனி என்று
ஐந்து மதிப்பெண்ணுக்கு நானும் எழுதினேன்.
ஓட்டேரியில் எனக்குத் தெரிந்த பருவங்கள்
மின்விசிறிக் குமிழில்தான் இருக்கின்றன.
சித்திரையில் ஐந்து;
அதற்கு மேல் ஆறு இல்லையே என்று ஆத்திரம்.
நேற்று ராத்திரி யாரோ எழுந்து
மூன்றுக்குத் திருப்பியிருக்கிறார்கள்.
நான் இல்லை என்கிறான் தம்பி.
நானும் இல்லை.
இப்படித்தான் வருகிறது
எங்கள் வீட்டுக்கு மார்கழி.

விடியற்காலை ஐந்தேகால்.
ஒரு மாத மழையைக் குடித்த ஸ்கூட்டர்
உதைத்தால் இருமுகிறது.
சீட்டின் கிழிசலுக்குள் இன்னும் கார்த்திகை;
உட்கார்ந்தால் ஊறி வெளியே வருகிறது.
முன்னால் என் பெட்டி:
ஊசி, பஞ்சு, ஸ்பிரிட்,
ஊதா மூடிக் குழாய்கள், சிவப்பு மூடிக் குழாய்கள்.
பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல்
பதினோரு வீடுகள் எனக்காகக் காத்திருக்கின்றன.

கணேசபுரம் சுரங்கப்பாதைச் சுவரில்
வெள்ளம் நின்ற மட்டத்துக்குச் சேற்றுக்கோடு.
அதன் மேல் அதற்குள் ஒரு போஸ்டர்,
காதணி விழா, அனைவரும் வருக.
ஊருக்குக் காயக்கூட நேரமில்லை.

இருபத்தொரு டிகிரிதான்.
அதற்கே என்ன ஆர்ப்பாட்டம்!
பால் பாக்கெட் போடும் பையன் மங்கி கேப்பில்,
வாட்ச்மேன் கம்பளிக்குள்,
கம்பளி நாற்காலிக்குள்,
தெருநாய் ஒன்று
அப்போதுதான் வந்து நின்ற ஆட்டோவின் எஞ்சினுக்கடியில்.
டவுட்டனில் ஒரு மாடிக்கு
நட்சத்திரம் வந்துவிட்டது. பல்பு இன்னும் வரவில்லை.
ஜமாலியாவில் மெஹருன்னிசா
துப்பட்டாவுக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி,
"சீக்கிரம் குத்திட்டுப் போ புள்ள,
குளிர் உள்ள வருது" என்கிறாள்.

குளிருக்கு நரம்புகள் ஒளிந்துகொள்ளும்.
தொழிலில் இது ஒன்றுதான் தொல்லை.
ஏழாவது வீடு, பெரம்பூர், மூன்றாம் மாடி.
கண்டக்டர் தனசிங்.
பத்தொன்பது வருடம் விசில் அடித்தவர்
ஊசியைப் பார்த்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.
தட்டினேன். தடவினேன். கட்டை இறுக்கினேன்.
இருபக்கக் கையிலும் ஒரு நூல்கூடத் தெரியவில்லை.
வெந்நீர் டம்ளரைக் கொடுத்து
பிடித்துக்கொண்டு நில்லுங்கள், குடித்துவிடாதீர்கள் என்றேன்.
பால்கனிக்கு வந்தோம்.

மேம்பாலத்தைக் காணவில்லை.

"தினம் எட்டு ட்ரிப் அடிக்கிற பாலம்மா" என்றார்,
"எவன் தூக்கினான்?"
பனிக்குள்ளிருந்து இரண்டு விளக்கு.
அப்புறம் ஒரு பேருந்தின் நெற்றி.
அப்புறம் மூடாத ஜன்னலில்
கன்னத்தைக் கையில் தாங்கிய ஒரு பெண்.
பாலம் இல்லாமலே வந்தாள்,
பாலம் இல்லாமலே போனாள்.
எண்ணைப் பார்க்க எட்டினார் தனசிங்.
தெரியவில்லை.
லீவு நாளில் தன் பஸ்ஸைப் பார்ப்பது
இதுதான் முதல் தடவையாம்.
சிரித்தார். நானும் சிரித்தேன்.
வாயிலிருந்து புகை வருகிறதா என்று
இருவரும் ஊதிப் பார்த்தோம்.
வரவில்லை. இது சென்னை.

முழங்கை மடிப்பில் அதற்குள்
நீலமாய் ஒன்று எழுந்திருந்தது.
குழாய் நிரம்பி என் விரல்களுக்கு வந்தபோது
சூடாக இருந்தது.
முப்பத்தேழு டிகிரி என்று
எனக்குத் தெரியும்தான்.
ஆனாலும் அந்தக் காலையில் நான் தொட்டதிலேயே
அதுதான் கதகதப்பு.
லேபிள் ஒட்டுவதற்கு
வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்தேன்.

ஒன்பதரைக்கு லேபில் பெட்டியை இறக்கிவிட்டு
ஜமாலியா முனைக்குத் திரும்பி வந்து
இடியாப்பம், பாயா.
மூக்கு ஒழுக ஒழுக நின்றே சாப்பிட்டேன்.
பக்கத்தில் யாரோ ஒருவர்
கையில் என் பஞ்சும் பிளாஸ்திரியுமாக
இரண்டாவது தட்டு கேட்டுக்கொண்டிருந்தார்.
நான் பார்க்கவில்லை.

ராத்திரி, துணிந்து
விசிறியை ஒன்றில் வைத்தோம்.
கொசு வந்தது.
சரி என்று மீண்டும் மூன்று.
அதற்குப் பயந்து போர்வை.
போர்வைக்கு வெளியே ஒரு கால்.